மார்பகப் பெரிதாக்க அறுவை: கீறல் மடிப்பிலா, கருவட்டத்திலா, அக்குளிலா?

செஞ்சை மருமகள் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 31, காரைக்குடியில் வசிக்கிறேன். மகள் பால்குடி மறந்து ஓராண்டுக்கு மேல் ஆகிறது. பால் வற்றிய பின் மார்பகங்கள் மிகவும் சுருங்கிவிட்டன. நானும் கணவரும் நெடுநாள் பேசி, சிலிக்கோன் இம்ப்ளான்ட் (மார்பகத்துக்குள் வைக்கும் செயற்கைப் பை) வைத்துக்கொள்வதென்று முடிவு செய்திருக்கிறோம். ஆகவே அறுவை செய்யலாமா கூடாதா என்பதை விட்டுவிட்டு, எந்த இடத்தில் கீறுவது நல்லது என்பதை மட்டும் கேட்கிறேன்.

மதுரையில் பார்த்த பிளாஸ்டிக் சர்ஜன் மார்பகத்தின் அடி மடிப்பில் கீறுவதையே விரும்புகிறார். திருச்சியில் பார்த்தவரோ, முலைக்காம்பைச் சுற்றியுள்ள கருவட்டத்தின் கீழ் ஓரத்தில் கீறினால் நிறம் மாறும் எல்லையிலேயே தழும்பு மறைந்துவிடும் என்றார். அக்குள் வழியாகச் செய்தால் மார்பகத்தில் தழும்பே இராது என்றும் படித்தேன். எனக்குக் காது குத்திய இடத்தில் ஒருமுறை கெலாய்டு, அதாவது காயத்தின் எல்லையைத் தாண்டித் தடித்து வளரும் தழும்பு, வளர்ந்து, ஊசி போட்டு அடக்க வேண்டியிருந்தது என்பதால், தழும்பைப் பற்றிய அச்சம் மற்றவர்களைவிட எனக்குக் கூடுதலாக இருக்கிறது. இன்னொரு குழந்தை வேண்டும் என்ற எண்ணமும் உண்டு. கூட்டுக் குடும்பத்தில் இருப்பதால் இது எங்கள் இருவருக்குள் மட்டும் இருக்க வேண்டும் என்றும் விரும்புகிறேன். அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

தேவகோட்டையாள் எழுதியது:

அன்புத் தங்கைக்கு, எனக்குச் சில ஆண்டுகளுக்கு முன் மடிப்பில்தான் கீறினார்கள். கீறல் ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் நீளம். முதல் சில மாதங்களில் தழும்பு சிவந்து தடித்து, இரண்டு பக்கமும் ஒன்றுபோல் இல்லாமல் இருந்ததைப் பார்த்து நான் மிகவும் கலங்கினேன். தழும்பு முதிர்ந்து அடங்க ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டு வரை ஆகலாம் என்று மருத்துவர் முன்பே சொல்லியிருந்ததுதான் அப்போது எனக்கு ஆறுதல். இன்று நின்றால் மார்பகமே அதை மூடிக்கொள்கிறது, படுத்தால் ஒரு மெல்லிய கோடு தெரிகிறது. ரவிக்கை போட்டால் யாருக்கும் எதுவும் தெரிவதற்கில்லை.

நம் பக்கத்து வெயிலை மட்டும் கணக்கில் கொள்ளுங்கள். மடிப்பு என்பது வியர்வை தங்கும் இடம். புண் ஆறும் வாரங்களில் அந்த இடம் உலர்ந்தே இருக்க வேண்டும், ஆனால் சித்திரையில் ஒட்டிய டேப் தோலில் நிற்காது. மார்கழியிலோ தையிலோ செய்துகொண்டால் அந்தத் தொல்லை குறையும். தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து போகும் வேண்டுதல் இருந்தால், அதை மறு ஆண்டுக்குத் தள்ளிவையுங்கள். முதல் ஒன்றரை மாதம் பாரம் தூக்கவும், கையைத் தலைக்கு மேல் வீசி வேலை செய்யவும் எனக்கு அனுமதி இல்லை. வீட்டில் அதற்கு என்ன காரணம் சொல்வது என்பதையும் இப்போதே யோசித்து வைப்பது நல்லது.

தியேட்டர் செவிலி எழுதியது:

வணக்கம். மதுரையில் பிளாஸ்டிக் சர்ஜரி அறுவை அரங்கில் பணிபுரிகிறேன். உங்கள் உடலைப் பார்த்த மருத்துவரின் சொல்லுக்கு என் எழுத்து மாற்றாகாது. ஆனால் நீங்கள் அவரிடம் கேட்க வேண்டியவை சில இருக்கின்றன.

கருவட்ட வழியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனெனில் மூன்றில் அதிகம் யோசிக்க வேண்டியது அதுதான். அங்கே கீறி உள்ளே போகும்போது பெரும்பாலும் பால் சுரப்பித் திசுவைக் கடந்து போக வேண்டியிருக்கிறது. பால் நாளங்களுக்குள் தோலில் வாழும் பாக்டீரியாக்கள் இயல்பாகவே இருக்கும், அவை இம்ப்ளான்டின் மேல் ஒட்டிக்கொண்டால், அதைச் சுற்றி உடல் கட்டும் மெல்லிய உறை பின்னாளில் இறுகிச் சுருங்கி, மார்பகத்தைக் கெட்டியாக்கவும் உருக்குலைக்கவும் கூடும். மடிப்பு வழியைவிடக் கருவட்ட வழியில் இந்த இறுக்கம் அதிகம் என்று பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. முலைக்காம்பின் மேல் ஒட்டுப்படலம் ஒட்டி மூடுவதும், புனல் வடிவப் பையின் வழியாகத் தோலில் படாமல் இம்ப்ளான்டை உள்ளே தள்ளுவதும் இந்த ஆபத்தைக் குறைப்பதற்காகத்தான். நீங்கள் இன்னொரு குழந்தைக்குப் பால் கொடுக்க நினைப்பவர். எந்த வழியில் செய்தாலும் பால் குறைய வாய்ப்பு உண்டு என்றாலும், நாளங்கள் அறுபடக்கூடிய வழி கருவட்டம்தான்.

இதில் அளவுக் கணக்கும் ஒன்று இருக்கிறது. சிலிக்கோன் ஜெல் நிரப்பியே வருவதால் அதற்கு 4 முதல் 5 சென்டிமீட்டர் வரை திறப்பு தேவைப்படுகிறது. உப்புநீர் இம்ப்ளான்டைக் காலியாகச் சுருட்டி உள்ளே வைத்த பிறகு நிரப்பலாம் என்பதால் 3 சென்டிமீட்டரே போதும். கருவட்டத்தின் குறுக்களவு 3 சென்டிமீட்டர் என்றால், அதன் கீழ்ப் பாதி வளைவின் முழு நீளமே 4.7 சென்டிமீட்டர்தான். சிறிய கருவட்டம் உள்ளவர்களுக்கு இந்த வழி பொருந்தாது என்று சொல்லப்படுவது இதனால்தான். நிற எல்லையில் தழும்பு மறையும் என்பது பலருக்கு உண்மைதான், ஆனால் நம் நிறத்தில் அது வெளுத்த கோடாக ஆறிவிட்டால், கருமையின் பக்கத்தில் எடுப்பாகவே தெரியும்.

மடிப்பு வழியில் மருத்துவருக்கு உள்ளே நேராகப் பார்க்க முடிகிறது, சுரப்பியைத் தொடாமல் போக முடிகிறது. அதன் சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. இம்ப்ளான்ட் வைத்த பின் மடிப்பே கீழே இறங்கலாம். ஆகவே இன்றைய மடிப்பில் அல்லாமல், நாளை மடிப்பு எங்கே வந்து நிற்கும் என்று அளந்து, அங்கேதான் கோடு போட வேண்டும். இந்தக் கணக்கு தவறினால் தழும்பு மார்பகத்தின் மேலேறித் தெரியும், அல்லது விலாவின் மேல் இறங்கி உள்ளாடைப் பட்டையில் உரசிக்கொண்டே இருக்கும். அந்தக் கோட்டை எப்படி முடிவு செய்வீர்கள் என்று மருத்துவரிடம் கேளுங்கள். அவர் சொல்லும் விளக்கத்திலேயே அவருடைய கைத்தேர்ச்சி உங்களுக்குப் புலப்படும்.

தொப்புள் வழியும் ஒன்று உண்டு. அது உப்புநீர் வகைக்கு மட்டுமே என்பதால் உங்களுக்குத் தேவையில்லை.

பள்ளத்தூர் மகள் எழுதியது:

நான் சென்னையில் அக்குள் வழியாகச் செய்துகொண்டவள், அதில் நிறைவாகவே இருக்கிறேன். எனக்குப் பிறவியிலேயே மார்பகம் மிகச் சிறியது. மறைத்துக்கொள்ள ஆழமான மடிப்பே கிடையாது என்பதால், கீழே கீறினால் தழும்பு திறந்த வெளியில் நிற்கும் என்று மருத்துவர் விளக்கினார். எண்டோஸ்கோப் என்ற சிறு கேமராக் குழாயை வைத்து, இரத்தக் கசிவையும் மார்புத் தசையின் அடியையும் திரையில் பார்த்தபடியே செய்தார்கள். அந்தக் கருவி இல்லாமல் கையால் துழாவிச் செய்யும் இடங்களும் இருக்கின்றன, அங்கே இந்த வழியைத் தேர்ந்தெடுக்க வேண்டாம் என்று உறுதியாகச் சொல்வேன். மேற்கையின் உட்புறம் சில மாதங்கள் மரத்துப்போயிருந்தது. அக்குளின் இயல்பான சுருக்கத்துக்குள் தழும்பு ஒளிந்துகொண்டாலும், கையில்லாத ரவிக்கை அணிந்து கையை உயர்த்தினால் தெரியும்.

எல்லோரும் முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டியது ஒன்று உண்டு. இம்ப்ளான்ட் ஆயுள் முழுவதும் நிலைப்பதல்ல. சிலிக்கோன் வகை உள்ளே சத்தமின்றிக் கிழியலாம் என்பதால், ஐந்தாறு ஆண்டுகள் கழித்து முதல் முறையும் அதன்பின் இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒரு முறையும் அல்ட்ராசவுண்ட் அல்லது எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்க்குமாறு அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் 2020-இல் அறிவுறுத்தியது. என்றேனும் மாற்றவோ உறையோடு எடுக்கவோ நேர்ந்தால், அக்குள் வழியாக அதைச் செய்வது கடினம், பெரும்பாலும் மடிப்பில் புதிதாகக் கீற வேண்டியிருக்கும். மடிப்பில் தொடங்கியவர்களுக்கோ பழைய தழும்பையே மீண்டும் திறந்தால் போதும். இதைத் தெரிந்துகொண்டே நான் அக்குளைத் தேர்ந்தெடுத்தேன். உங்களுக்கு நல்ல மடிப்பு இருக்குமானால் என் காரணம் உங்களுக்குப் பொருந்தாது.

செஞ்சை மருமகள் எழுதியது:

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. பால் கொடுத்த பிறகு என் மார்பகம் சற்றுத் தொங்கியிருப்பதால் மடிப்பு தெளிவாகவே இருக்கிறது. கருவட்ட வழியை மனத்திலிருந்து எடுத்துவிட்டேன். செவிலி அக்காவிடம் இன்னும் இரண்டு கேள்விகள். கெலாய்டு வளரும் உடலுக்கு மடிப்பு பாதுகாப்பானதா? இரண்டாவது குழந்தைக்குப் பிறகு செய்துகொள்வது மேலா?

தியேட்டர் செவிலி எழுதியது:

தங்கைக்கு, காதுமடலும் நடு மார்பும் தோளும் கெலாய்டு எளிதில் வளரும் இடங்கள். மடிப்புக் கோட்டின் உள் முனை நடு மார்பெலும்பை நெருங்க நெருங்க அந்த ஆபத்து கூடும். ஆகவே முலைக்காம்புக்கு நேர் கீழேயும் அதற்கு வெளிப்புறமுமாகக் கீறலை வைக்கச் சொல்லிக் கேளுங்கள். உங்கள் காதை மருத்துவரிடம் காட்டி, எப்போது வளர்ந்தது, எத்தனை ஊசிக்கு அடங்கியது என்பதையும் சொல்லுங்கள். இதை அவர் தெரிந்திருந்தால், புண் ஆறியதும் சிலிக்கோன் ஜெல் தகட்டை நாள்தோறும் பல மணி நேரம் வைத்து, அதைச் சில மாதங்கள் தொடரச் சொல்வார். தழும்பு தடிக்கத் தொடங்கினால் ஸ்டீராய்டு ஊசியையும் காலம் தாழ்த்தாமல் போடுவார். இவ்வளவு செய்தும் கெலாய்டு வராது என்று யாராலும் உறுதி தர முடியாது. அப்படி உறுதி தருபவரிடம் நான் போகமாட்டேன்.

இரண்டாவது கேள்விக்கு என் எண்ணத்தை ஒளிக்காமல் சொல்கிறேன். அடுத்த குழந்தை ஓரிரு ஆண்டுகளுக்குள் என்றால் காத்திருங்கள். கருவுற்றுப் பால் கொடுத்து முடித்ததும் தோலும் சுரப்பியும் மீண்டும் மாறும். இன்று அளந்து வைக்கும் மடிப்புக் கோடு அன்று பொருந்தாமல் போகலாம், தொங்கல் கூடிவிட்டால் தூக்கித் தைக்கும் அறுவையும் தேவைப்பட்டு, தழும்பின் இடமும் நீளமும் முற்றிலும் வேறாகிவிடும். பால் நின்று மூன்று முதல் ஆறு மாதங்கள் கழிந்து மார்பகம் ஒரு நிலைக்கு வந்த பின் புதிதாக அளவெடுக்கலாம். குழந்தையை நான்கைந்து ஆண்டுகள் தள்ளிப்போடும் எண்ணம் என்றால் இப்போதே செய்துகொள்வதிலும் பிழையில்லை. எதுவானாலும், பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சி.எச். அல்லது அதற்கு இணையான பட்டம் பெற்றவர்தானா என்று பார்த்துக்கொள்ளுங்கள், வைக்கும் இம்ப்ளான்டின் வரிசை எண் அச்சிட்ட அட்டையைக் கேட்டு வாங்கி, அறுவைக் குறிப்புகளோடு பத்திரப்படுத்துங்கள். பின்னாளில் வேறொரு மருத்துவர் அந்த மடிப்பைத் திறக்க நேர்ந்தால், அவர் முதலில் கேட்பது அந்த அட்டையைத்தான்.