ஆய்வேட்டுக்குப் பதிலாகப் படைப்பு: வெஸ்லியன் இசைத் துறையிலிருந்து என்ன கற்கலாம்?

கேள்வி (முதுகலை மாணவி)

அனைவருக்கும் வணக்கம். நான் இசையில் முதுகலை இரண்டாம் ஆண்டு பயில்கிறேன். விரும்புவோர் ஆய்வேட்டுக்குப் பதிலாக ஒரு படைப்பையும் அதற்கான விளக்கவுரையையும் அளிக்கலாம் என்று எங்கள் துறையில் அறிவித்திருக்கிறார்கள். மிருதங்க ஒலிகளை வாயால் சொல்லும் தாளச் சொற்களான சொற்கட்டுகளைக் குரலில் பதிவுசெய்து, கணினியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, அரை மணி நேரப் படைப்பாக அமைப்பது என் எண்ணம். இசை அமைப்பது கலையாகுமே தவிர ஆராய்ச்சியாகாது என்று என் வழிகாட்டி தயங்குகிறார். அமெரிக்காவில் கனெடிகட் மாநிலத்தின் மிடில்டவுன் நகரிலுள்ள வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் கர்நாடக இசை, ஜாவாவின் கேமலான் என்னும் தாளவாத்தியக் குழு இசை, புதிய ஒலிகளையும் முறைகளையும் முயன்று பார்க்கும் சோதனை இசை ஆகிய மூன்றும் ஒரே துறையில் நெடுங்காலமாகக் கற்பிக்கப்படுகின்றன என்று படித்தேன். அங்கே ஆசிரியர்களும் மாணவர்களும் செய்தவற்றில் என் வழிகாட்டிக்கு எடுத்துக்காட்டத் தக்கவை எவை?

மறுமொழி 1 (ஓய்வுபெற்ற இசைப் பேராசிரியர்)

அம்மா, முதலில் ஜான் ஹிக்கின்ஸைப் பற்றிச் சொல்லுங்கள். "ஹிக்கின்ஸ் பாகவதர்" என்ற பெயரை உங்கள் வழிகாட்டி நிச்சயம் கேட்டிருப்பார். ஆனால் வெள்ளைக்காரர் ஒருவர் தெலுங்குக் கீர்த்தனையைப் பிழையின்றிப் பாடினார் என்ற வியப்போடு பலரும் நின்றுவிடுகிறார்கள். வெஸ்லியனில் இளங்கலை முடித்த அவர், 1960-களின் நடுவில் ஃபுல்பிரைட் உதவித்தொகையில் சென்னைக்கு வந்து, புல்லாங்குழல் வித்துவான் டி. விஸ்வநாதனிடம் பாட்டுப் பயின்றார். திருவையாறு ஆராதனையிலும் பாடினார். விஸ்வநாதனின் தமக்கையும் பரதநாட்டியக் கலைஞருமான பாலசரஸ்வதியிடம், அபிநயத்துக்குரிய மெதுவான பாடல்களான பதங்களைக் கற்றதுதான் உங்கள் கேள்விக்கு முக்கியமானது. வீணை தனம்மாளின் பேரப்பிள்ளைகளான இவர்கள் வீட்டில் பதம் என்பது ஆடலோடு சேர்ந்தே வாழ்ந்த இசை. ஒரே அடியை அபிநயத்துக்கு ஏற்பத் திரும்பத் திரும்பப் பாடும்போது சங்கதிகள், அதாவது அந்த அடியின் மெட்டு வேறுபாடுகள், எப்படி மாறுகின்றன என்பதை ஏட்டிலிருந்து மட்டும் அறிய முடியாது. அதைப் பாடிப் பழகிய ஹிக்கின்ஸ், 1973-இல் வெஸ்லியனில் அளித்த முனைவர் பட்ட ஆய்வுக்குப் பரதநாட்டியத்தின் இசையையே பொருளாக எடுத்துக்கொண்டார். அவருடைய பாட்டை ஒருபுறமும் ஆய்வை மறுபுறமுமாகப் பிரித்துப் பார்த்தால் இரண்டுமே குறைப்பட்டுத்தான் தெரியும்.

விஸ்வநாதனும் இதற்கு விலக்கல்லர். சென்னைப் பல்கலைக்கழக இசைத் துறைக்குத் தலைமை வகித்தவர், பின்னாளில் அதே வெஸ்லியனில் ராக ஆலாபனையைப் பற்றி ஆராய்ந்து 1975-இல் முனைவர் பட்டம் பெற்றார். மேடையில் குழலை இறக்கிவிட்டுச் சாகித்தியத்தைப் பாடிக் காட்டும் வழக்கத்தையும் அவர் விடவில்லை. 1988-இல் சங்கீத கலாநிதி விருது பெற்றவரும் அவரே.

மறுமொழி 2 (மிருதங்கம் பயில்பவர்)

பேராசிரியர் ஐயா சொன்னதோடு எனக்கு உடன்பாடே. ஆனால் இவர் எடுத்திருப்பது சொற்கட்டு. எனவே லயத்தின் பக்கமும் பார்க்க வேண்டும். விஸ்வநாதனின் தமையன் டி. ரங்கநாதன் 1963-லேயே வெஸ்லியனுக்குச் சென்று மிருதங்கம் கற்பித்தவர். அவரை அங்கே அழைத்த ராபர்ட் பிரவுன், மிருதங்கத்தைப் பற்றியே 1965-இல் லாஸ் ஏஞ்சலிஸிலுள்ள கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தில் முனைவர் ஆய்வேடு அளித்தார். தாமே வாசிக்கக் கற்றுக்கொண்டு எழுதிய ஆய்வு அது. ரங்கநாதனின் மாணவர் டேவிட் நெல்சன், கச்சேரியில் தாளவாத்தியம் மட்டும் தனித்து ஒலிக்கும் தனி ஆவர்த்தனத்தின் அமைப்பை ஆராய்ந்து முனைவரானார். பின்னர் வெஸ்லியனிலேயே ஆசிரியராகி, சொற்கட்டைப் படிப்படியாகக் கற்பிக்கும் பாடநூலை 2008-இல் வெளியிட்டார். மிருதங்கத்தைத் தொட்டே பார்க்காத மாணவர்களும் கையால் தாளம் போட்டு, வாயால் சொல்லி, முடிவைக் காட்டும் தாளக் கோவைகளான மோராவும் கோர்வையும் அமைக்கப் பழகலாம் என்பதே அந்நூலின் அடிப்படை. பாடநூலைப் படைப்பாகக் கருதுவதா என்று கேட்பவர்கள் உண்டு. குருவின் கையிலிருந்ததை வேற்று நாட்டு வகுப்பறைக்கு ஏற்ற வரிசையில் அமைப்பதற்குப் புதுக் கோர்வை கட்டுவதைவிடக் குறைவான கற்பனை போதும் என்று நான் நினைக்கவில்லை.

மறுமொழி 3 (மின்னணு இசையமைப்பாளர்)

இதுவரை வந்த எடுத்துக்காட்டுகள் அனைத்தும் மரபைக் கற்று எழுதியவர்களுடையவை. அவற்றைக் கேட்டு வழிகாட்டி மகிழ்வார். ஆனால் கணினியில் குரலை அடுக்கும் படைப்புக்கு அவற்றால் ஒப்புதல் கிடைக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. அதே துறையில் நெடுங்காலம் கற்பித்த சோதனை இசையமைப்பாளர் ஆல்வின் லூசியரை முன்வையுங்கள். 1969-இல் அவர் உருவாக்கிய படைப்பு ஒன்றில், ஓர் அறையில் அமர்ந்து சில வாக்கியங்களைப் பேசிப் பதிவுசெய்கிறார், அந்தப் பதிவை அதே அறையில் ஒலிக்கவிட்டு மீண்டும் பதிவுசெய்கிறார், இப்படியே தொடர்கிறார். ஒவ்வொரு சுற்றிலும் அறையின் இயல்பான அதிர்வெண்களோடு ஒத்த ஒலிகள் வலுப்பெற, மற்றவை தேய, இறுதியில் சொற்கள் கரைந்து பேச்சின் தாளநடை மட்டும் நீண்ட ஒலிகளாக எஞ்சுகிறது. இது இசையா, ஒலியியல் சோதனையா என்று பிரிக்கவே முடியாது. கேள்வியும் செய்முறையும் விடையும் படைப்புக்குள்ளேயே காதுக்குக் கேட்கின்றன.

உங்கள் திட்டத்தில் எனக்குள்ள ஐயம் இதுதான்: குரல்களை எதற்காக அடுக்குகிறீர்கள்? செழுமையாக ஒலிக்கும் என்பதற்காக மட்டும் என்றால் உங்கள் வழிகாட்டியின் தயக்கம் நியாயமானது.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. ஒரே கோர்வையைச் சதுசிரம், திசிரம், கண்டம் ஆகிய (ஒரு தாள அடியை முறையே நான்கு, மூன்று, ஐந்தாகப் பகுக்கும்) மூன்று நடைகளில் ஒரே நேரத்தில் சொல்லும்போது, கேட்பவர் எந்த நடையைப் பற்றிக்கொண்டு, தாளத்தின் தொடக்க அடியான சமத்தை உணர்கிறார் என்பதை அறியவே அடுக்க நினைத்தேன். முன்மொழிவில் இதை எழுதாமல் விட்டிருக்கிறேன்.

மறுமொழி 3 (மின்னணு இசையமைப்பாளர்)

அப்படியானால் முன்மொழிவின் முதல் பத்தியிலேயே அதை எழுதுங்கள். அரை மணி நேரம் வேண்டாம்; பன்னிரண்டு நிமிடம் போதும். ஒவ்வொரு குரலையும் தனித்தடத்தில் பதிவுசெய்து வைத்தால், ஒரு நடையை நீக்கியும் சேர்த்தும் தேர்வாளர்களுக்கு நேரில் கேட்கச் செய்யலாம்.

மறுமொழி 1 (ஓய்வுபெற்ற இசைப் பேராசிரியர்)

வாய்மொழித் தேர்வில் அந்தக் கோர்வையை மூன்று நடையிலும் கையில் தாளம் போட்டு நீங்களே சொல்லிக் காட்டுங்கள். கணினியின் துணையின்றி அதைச் செய்ய முடியுமா என்பதுதான் தேர்வாளர்கள் முதலில் கேட்கும் கேள்வியாக இருக்கும். நான் அந்த நாற்காலியில் இருந்திருந்தால் அதைத்தான் கேட்டிருப்பேன்.