தென்னந்தோப்புக்கு லோராவான் கேட்வே எது வாங்கலாம்?

கேள்வி: பொள்ளாச்சி பக்கம் தோப்பு, மண் ஈரம் பாக்க லோராவான் (கம்மி பவர்ல ரொம்ப தூரம் டேட்டா அனுப்புற ரேடியோ முறை) சென்சார் போடப்போறேன், அதோட சிக்னல வாங்கி நெட்டுக்கு அனுப்புற பெட்டி, அதான் கேட்வே, சிங்கிள் சேனல்ல சல்லிசா கிடைக்குது, அது போதுமா இல்ல 8 சேனல்தான் வேணுமா?

பதில் 1: சிங்கிள் சேனல் வேணாம் ப்ரோ. சென்சார் சேனல் மாத்தி மாத்தி அனுப்பும், நம்ம நாட்டு பேண்ட்ல (இதுக்கான ரேடியோ அலைவரிசை) டீஃபால்ட்டாவே 3 சேனல் இருக்கு, இது ஒன்ன மட்டும் கேட்டுட்டு உக்காந்திருக்கும், மிச்சதெல்லாம் காத்தோட போயிடும். எஸ்எக்ஸ்1302 சிப் போட்ட 8 சேனல் பாருங்க. 865-867 மெகாஹெர்ட்ஸ் மாடலான்னு கேட்டு வாங்குங்க, அசந்தா வேற நாட்டு 915 மாடல தள்ளி விட்ருவானுங்க.

பதில் 2: ஆன்டெனா மட்டைக்கு மேல நிக்கணும், அதான் மெயின். கேட்வேயயும் கம்பத்துலயே மாட்டிடுங்க, மோட்டார் ரூம்ல வச்சு நீளமா கேபிள் இழுத்தா சிக்னல் பாதி அதுலயே செத்துடும். மின்னலுக்கு அரெஸ்டர், எர்த் கண்டிப்பா போடுங்க.

கேள்வி கேட்டவர்: தோப்புல நெட் இல்லையே?

பதில் 1: 4ஜி சிம் போடுற மாடல் எடுங்க, சென்சார் டேட்டா கொஞ்சூண்டுதான், சின்ன பிளானே தாங்கும்.