ஸ்டூவர்ட் விழுந்த அந்த ஆட்டம்: பார்த்தவங்க சொல்லுங்க

கோர்ட்சைடு:
2019 ஏப்ரல் 14, ஹங்கேரியில சோப்ரான், ஐரோப்பிய கிளப் கூடைப்பந்துல யூரோலீக் மகளிர் ஃபைனல். ரெண்டும் ரஷ்ய டீம், எகாடெரின்பர்க் 91-67ல குர்ஸ்க்கை அடிச்சது எல்லாருக்கும் தெரியும். உறுத்துறது அந்த ஒரு லேண்டிங்தான். குர்ஸ்க்கோட பிரியானா ஸ்டூவர்ட் ஜம்ப் ஷாட் போட்டு இறங்கறாங்க, வலது கால் எகாடெரின்பர்க்கோட பிரிட்னி கிரைனர் பாதத்து மேல விழுது. அக்கிலிஸ், அதாவது குதிகால் நாண், போச்சு. ஏழு மாசம் முன்னாடிதான் அமெரிக்க மகளிர் லீக்கான டபிள்யூஎன்பிஏல தன்னோட டீம் சியாட்டில் ஸ்டார்முக்குக் கோப்பை, லீக் எம்விபி (சிறந்த வீராங்கனை விருது), ஃபைனல்ஸ் எம்விபி, மூணையும் ஒரே சீசன்ல வாங்கியிருந்தாங்க.

மூணுபாயிண்ட்:
கிரைனர் தப்புதான். ஷூட்டர் இறங்க இடம் விடணும், இது அரிச்சுவடி.

விசில்:
சார், அரிச்சுவடியை முழுசாப் படிங்க. ஷூட்டர் மேலே எழும்பின பிறகு டிஃபெண்டர் காலை உள்ளே நீட்டினால் ஃபவுல். டிஃபெண்டர் நேராக எழும்பி அதே இடத்தில் இறங்கினால் அது அவருடைய இடம். கிரைனர் 206 செ.மீ.; அந்த உயரத்துக்கு மேல் ஷாட் போட முன்னால் சாய்ந்தாலே பாதங்கள் நெருங்கிவிடும். அது விபத்து. யார் மேலாவது பழி போட்டே ஆகணும் என்றால் காலண்டர் மேல் போடுங்க. 2018 செப்டம்பர் 12 டபிள்யூஎன்பிஏ ஃபைனல் முடிகிறது. 22ஆம் தேதி ஸ்பெயினின் டெனரீஃபேயில் உலகக் கோப்பை தொடக்கம், அமெரிக்காவுக்குத் தங்கம், அங்கேயும் ஸ்டூவர்ட்தான் எம்விபி. பிறகு குளிர்காலம் முழுக்க ரஷ்யா. ஓய்வு எங்கே? அமெரிக்க லீக்கில் கிடைத்தது போதாது என்பதால்தான் எல்லாரும் அங்கே போனார்கள். உச்ச சம்பளம் 215,000 டாலர் ஆனதே 2020 ஒப்பந்தத்தில்தான்.

கெண்டைக்கால்:
விசில் சொன்னதில் பாதி சரி. களைப்பு இருந்திருக்கலாம், ஆனால் அறுப்பது அந்தக் கோணம். முன்பாதம் உயரத்தில் ஊன்றி, குதிகால் கீழே இறங்கும் நேரத்தில் கெண்டைத்தசை இறுகியே இருக்கும். ஒரே நாண் இரண்டு பக்கமும் இழுபடும். பின்னாலிருந்து யாரோ உதைத்த மாதிரி இருக்கும், திரும்பினால் ஆள் இருக்காது.

மைதானத்தில் சந்தேகம் வந்தால்: குப்புறப் படுக்க வையுங்கள், பாதம் விளிம்புக்கு வெளியே தொங்கட்டும், கெண்டையைக் கையால் இறுக்கி அமுக்குங்கள். பாதம் கீழ்நோக்கி அசையாவிட்டால் அறுந்திருக்க வாய்ப்பு அதிகம். விரலை அசைக்க முடிகிறதே என்று ஏமாறாதீர்கள், அதற்கு வேறு தசைகள் இருக்கின்றன. நடக்க விடாதீர்கள்.

அறுவைக்குப் பிறகு பூட்ஸுக்குள் குதிகாலுக்கடியில் ஆப்பு வைப்பார்கள், ஒவ்வொன்றாக எடுப்பார்கள். முதல் மூன்று மாதம் பாதத்தை மேல்நோக்கி நீட்டி ஸ்ட்ரெட்ச் செய்தால் வேலை கெட்டது. நாண் நீளமாகவே ஆறும். வலி இருக்காது, துள்ளலும் இருக்காது. ஒற்றைக் காலில் குதிகால் தூக்கும்போது எண்ணிக்கையை மட்டும் பார்க்கிறவர்கள் இதைக் கோட்டை விடுவார்கள். 25 தடவை தூக்கினாலும் மறு காலின் உயரத்துக்கு எழும்புகிறதா என்பதே கேள்வி. அது வந்த பிறகு ஓட்டம், பிறகு இரண்டு கால் குதிப்பு, பிறகு ஒற்றைக் கால், கடைசியில்தான் திசை மாற்றம். மொத்தம் 9 முதல் 12 மாதம்.

நெட்டுக்குள்ள:
யாரும் கேட்காமலே ஒரு பாடம் நடந்துருச்சு. நான் சொல்ல வந்தது ஸ்டார்மோட பாயிண்ட் கார்டு (பந்தைக் கொண்டுபோய் ஆட்டத்தை நடத்தறவங்க) சூ பேர்டு பத்தி. 2018 டபிள்யூஎன்பிஏ அரையிறுதி 4ஆவது ஆட்டம், ஃபீனிக்ஸ். சொந்த டீம் ஸ்டூவர்ட்டோட முழங்கையே மூக்கை உடைச்சிருச்சு, கேரியர்ல அஞ்சாவது தடவை. ரெண்டு நாள் கழிச்சு 5ஆவது ஆட்டத்துல முகக்கவசத்தோட வந்து 22 பாயிண்ட், அதுல 14 கடைசி குவார்ட்டர்ல. அப்போ வயசு 37!

மூணுபாயிண்ட்:
மூக்கு உடைஞ்சா ஆடலாம், முட்டி போனா ஆட முடியாது. 2013லயும் 2019லயும் முட்டியாலதானே அவங்க முழு சீசனும் உட்கார்ந்தாங்க. வீரம்னு தூக்கி வைக்காதீங்க.

கெண்டைக்கால்:
மூக்கையும் லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. தலையை அண்ணாத்த வேண்டாம், ரத்தம் தொண்டைக்குள் இறங்கும். முன்னால் குனிந்து, மூக்கின் மென்மையான பகுதியை 10 நிமிடம் விடாமல் அழுத்துங்கள். நடுச்சுவரில் ரத்தம் கட்டி வீங்கினால் அன்றைக்கே ஆஸ்பத்திரி, விட்டால் குருத்தெலும்பு அழுகிவிடும். கவசம் முகத்துக்கு அளவெடுத்துச் செய்ததாக இருக்க வேண்டும். நெற்றியும் கன்னமும் தாங்கணும், மூக்கைத் தொடவே கூடாது. தொல்லை கீழ்ப்பார்வையில்: டிரிபிள் செய்யும் பந்து விளிம்பில் மறையும். பந்தைப் பார்க்காமல் ஆடுகிற பாயிண்ட் கார்டுக்கு அது பெரிய இழப்பில்லை.

பாக்கெட்பாஸ்:
ஸ்டூவர்ட், பேர்டு ரெண்டு பேருமே இல்லாத 2019ல ஸ்டார்ம் 18 வெற்றி, 16 தோல்வி. ஜோர்டின் கனடா பாயிண்ட் கார்டு, நடாஷா ஹவர்ட் அந்த வருஷத்தோட சிறந்த டிஃபெண்டர். அதை ஏன் யாரும் பேசறதில்ல? மனசுல நிக்கறது 2020 டபிள்யூஎன்பிஏ ஃபைனல் முதல் ஆட்டம், ஃப்ளோரிடாவுல பிரேடன்டன்: ஸ்டூவர்ட் 37 பாயிண்ட், பேர்டு 16 அசிஸ்ட் (கூடை விழ வைக்கற பாஸ்), அது ஃபைனல்ஸ் ரெக்கார்டு. அந்த ஆட்டத்துல அவங்க பிக் அண்ட் ரோல் வீடியோவை ஓட விட்டுப் பாருங்க. பந்து பேர்டு கையில, அவங்களைத் தடுக்கறவங்க வழியில ஸ்டூவர்ட் உடம்பால மறிச்சு ஸ்கிரீன் வைக்கறாங்க, ஆனா முழுசா மோதறதுக்கு முன்னாடியே நழுவி வெளியே போறாங்க. தடுக்கறவங்க ரெண்டு பேரும் பேர்டு மேல சாஞ்சா பந்து ஸ்டூவர்ட்டுக்கு. ஒருத்தர் பின்வாங்கினா பேர்டுக்கே ஷாட். அரை நொடி முந்தினா டிஃபெண்டர் இன்னும் தடுமாறியிருக்க மாட்டாங்க, அரை நொடி பிந்தினா கார்னர்ல இருந்து உதவி வந்துரும். முட்டியால பேர்டு அந்த சீசன்ல பாதி ஆட்டம்தான் ஆடியிருந்தாங்க, அப்படியும் அந்த டைமிங் பிசகல.