ஷாங்காயில் இறங்க விசா வேண்டாம் என்றால், ஹோ ஃபெங்ஷான் கொடுத்த விசா எதற்கு?

கேள்வி:
1938-ல் வியன்னாவில் சீன கான்சலாக இருந்த ஹோ ஃபெங்ஷான், ஷாங்காய் விசா கொடுத்து ஏராளமான யூதர்களைக் காப்பாற்றினார் என்கிறார்கள். அப்போது ஷாங்காயில் விசாவே கேட்கவில்லை என்றும் படித்தேன். இரண்டும் எப்படிச் சரியாகும்?

பழையவரைபடம்:
இரண்டும் சரிதான். அந்த விசா உள்ளே நுழைய அல்ல, வெளியே வர. 1937-ல் ஜப்பான் ஷாங்காயைப் பிடித்தபின் துறைமுகத்தில் பாஸ்போர்ட் பார்க்கச் சீன அரசின் ஆள் இல்லை. வியன்னாவில் கதை வேறு, 1938-ல் ஆஸ்திரியா நாஜி ஜெர்மனியின் கைக்குப் போய்விட்டது. எந்த நாட்டுக்குப் போகிறாய் என்பதற்குத் தாளில் அத்தாட்சி வேண்டும். 1938 நவம்பரில் யூதர்கள் மேல் நாஜிகள் நடத்திய வெறியாட்டத்தில் பிடித்து டாஹவ் வதைமுகாமில் அடைத்தவர்களைக்கூட, நாட்டைவிட்டுப் போவதற்கான அத்தாட்சியைக் காட்டினால் விட்டார்கள். அதைத் தூக்கிக்கொண்டு ஆபீஸ் ஆபீஸாக அலைந்தது பெரும்பாலும் மனைவிமார்கள். விசா வாங்கிய எல்லோரும் ஷாங்காய் போகவும் இல்லை. அதைக் காட்டி வெளியேறி வேறு நாடு போனவர்களும் உண்டு.

கணக்கர்:
விசா மட்டும் போதாது. வரி பாக்கி இல்லை என்ற சான்றிதழ் வேண்டும். அதற்கு முன்னால் ‘தப்பியோடும் வரி’ (சட்டத்திலேயே அதுதான் பெயர்), சொத்தில் 25 சதவீதம். 1931-ல் பணம் வெளியே போகாமலிருக்க எல்லோருக்குமாகப் போட்ட வரி அது, 2 லட்சம் மார்க்குக்கு மேல் உள்ளவர்களுக்கு. நாஜிகள் 1934-ல் வரம்பை 50,000-க்கு இறக்கினார்கள். 1938 கடைசியில் யூதர்கள் மேல் மட்டும் தனியாக 20 சதவீதத் தண்டம். மறுவருடம் அது 25 ஆனது. கையில் கொண்டுபோக விட்டது 10 மார்க்.

பலர் மாட்டிக்கொண்டது தேதியில். ஒவ்வொரு தாளுக்கும் கெடு உண்டு. கப்பலில் இடம் கிடைப்பதற்குள் வரிச் சான்று காலாவதியாகிவிடும், மறுபடி முதலிலிருந்து.

துறைமுகவாசி:
கப்பல் பெரும்பாலும் லாய்ட் ட்ரியஸ்டினோ என்ற இத்தாலியக் கம்பெனியுடையது. ஜெனோவா அல்லது ட்ரியஸ்டில் ஏறினால் சூயஸ், பம்பாய், கொழும்பு, சிங்கப்பூர், ஹாங்காங் வழியாக ஏறக்குறைய 4 வாரம். ஷாங்காய் வாசல் ரொம்ப நாள் திறந்திருக்கவில்லை. 1939 ஆகஸ்டில் கட்டுப்பாடு வந்தது. பிறகு அனுமதிச்சீட்டு இல்லையென்றால் பெரியவர் ஒருவருக்கு 400 அமெரிக்க டாலர் காட்ட வேண்டும். 10 மார்க்கோடு வருகிறவர் எங்கே போவார்? 1940 ஜூனில் இத்தாலி போரில் இறங்கியதும் கடல்வழி முடிந்தது. சோவியத் யூனியன் வழியாகப் போகும் சைபீரிய ரயில், ஜெர்மனி அந்த நாட்டைத் தாக்கிய 1941 ஜூன் வரை ஓடியது.

கேள்வி கேட்டவர்:
நகை, பாத்திரம் எடுத்துப்போகலாமா?

கணக்கர்:
ஒவ்வொரு பொருளையும் பட்டியல் எழுதிக் கொடுக்க வேண்டும். புதிதாக வாங்கியது என்றால் அதற்குத் தனி வரி. 1939 பிப்ரவரிக்குப் பிறகு தங்கம், வெள்ளி, நகையெல்லாம் அரசிடம் ஒப்படைக்க வேண்டும். கல்யாண மோதிரம், பழைய வெள்ளிக் கைக்கடிகாரம் வைத்துக்கொள்ளலாம். சாப்பாட்டு மேசை வெள்ளியில் ஆளுக்கு 2 செட்: கத்தி, முள்கரண்டி, கரண்டி, சின்னக் கரண்டி.