பிளேஆஃப் கணிப்பு ஷீட்: ஜோடிகளை எப்படி வரைவது, எம்விபி யாருக்கு என்று எதை வைத்துச் சொல்வது?

பொங்கோல் பாலா

வணக்கம். சிங்கப்பூரில் ஆபிஸ் தமிழ் நண்பர்கள் எட்டுப் பேர் சேர்ந்து என்எஃப்எல் (அமெரிக்கக் கால்பந்து லீக்) பிளேஆஃபுக்குக் கணிப்புப் போட்டி வைக்கிறோம். எக்செல் ஷீட் தயாரிக்கிற பொறுப்பு என்னுது. பாதிப் பேர் இபிஎல்லும் (இங்கிலாந்துக் காற்பந்து லீக்) உலகக் கிண்ணமும் பார்த்துப் பழகினவங்க. நாக்-அவுட்னா முதல் நாளே கோடு போட்டு இறுதி ஆட்டம் வரைக்கும் நிரப்பிடலாம்னு நினைக்கிறாங்க. அது இங்கே சரிப்படுமா?

இன்னொன்னு, 14 ஆட்டம் ஜெயிச்ச அணி 10 ஆட்டம் ஜெயிச்ச அணியோட மைதானத்துக்குப் போய் ஆடணும்ங்கிறது என்ன நியாயம்? ஒரு ஜோடியைப் பார்த்து யார் ஜெயிப்பாங்கன்னு சொல்ல எந்தக் கணக்கை நம்பலாம்?

விருதுகளையும் ஷீட்டில் சேர்க்கிறோம். எம்விபிக்கும் (சீசனின் மதிப்புமிக்க ஆட்டக்காரர்) ஆல்-ப்ரோவுக்கும் (ஒவ்வொரு இடத்திலும் சிறந்தவர் பட்டியல்) ஓட்டுப் போடுறது ஒரே குழுதான். அப்படியிருந்தும் 2024 சீசனில் பில்ஸ் அணியின் ஜாஷ் ஆலன் எம்விபி, ரேவன்ஸ் அணியின் லமார் ஜாக்சன் ஆல்-ப்ரோ முதல் அணி. வாட்ஸ்அப் குழுவில் இந்தச் சண்டை இன்னும் ஓயலை. விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

செங்காங் சேகர்

பாலா தம்பி, முதல் நாளே கடைசி வரை கோடு போட முடியாது. ஷீட் உடையுற இடமே அதுதான்.

லீகின் இரு கான்ஃபரன்ஸ்களான ஏஎஃப்சி, என்எஃப்சி இரண்டிலும் தலா 16 அணிகள், தலா நான்கு டிவிஷன் (நான்கு அணிகள் கொண்ட பிரிவு). டிவிஷனில் முதலிடம் பிடித்த நால்வருக்கும் 1 முதல் 4 வரை சீட் (தரவரிசை எண்). மீதி அணிகளில் சிறந்த மூன்றுக்கு 5, 6, 7. 2020 சீசனிலிருந்து இப்படி மொத்தம் 14 அணிகள். முதல் சுற்றில் ஓய்வு 1-ஆம் சீட்டுக்கு மட்டும்தான். 2-க்கு 7, 3-க்கு 6, 4-க்கு 5 என்று மோதுவார்கள்.

இரண்டாம் சுற்றில் ஜோடிகளைப் புதிதாக அமைப்பார்கள். மிச்சம் இருப்பவர்களில் ஆகக் கீழே உள்ள சீட் எதுவோ அது 1-ஆம் சீட்டிடம் போகும், மற்ற இரண்டும் தங்களுக்குள் ஆடும். 2024 சீசன் என்எஃப்சியைப் பாருங்கள். முதல் சுற்றில் ஈகிள்ஸ் (2), ராம்ஸ் (4), கமாண்டர்ஸ் (6) மூன்றும் ஜெயித்தன. உலகக் கிண்ணப் பாணியில் கோடு போட்டிருந்தால் 4-5 ஜோடியில் ஜெயித்த ராம்ஸ்தான் லயன்ஸிடம் (1) போயிருக்கும். உண்மையில் போனது கமாண்டர்ஸ். போய் 45-31 என்று லயன்ஸை வீட்டுக்கும் அனுப்பியது.

அதனால் இரண்டு வழிதான். ஒவ்வொரு சுற்றும் முடிந்தபின் அடுத்த சுற்றைப் புதிதாக நிரப்பச் சொல்லலாம். இல்லை, முதலிலேயே பூட்ட வேண்டும் என்றால் "யார் யாரை வெல்வார்" என்று கேட்காமல் "எந்த அணி எந்தச் சுற்று வரை போகும்" என்று கேளுங்கள். ஜோடி எப்படி மாறினாலும் இது உடையாது. எட்டுப் பேருக்கு முதல் வழிதான் சுவாரஸ்யம், முதல் வாரமே தோற்றவர்களும் கடைசி வரை போட்டியில் இருப்பார்கள்.

புள்ளி விஷயத்தில், மொத்தம் 13 ஆட்டம்: 6, 4, 2, 1. சுற்றுக்கு 1, 2, 3, 5 என்று வைத்தால் மொத்தம் 25 வரும். சூப்பர் பவுலுக்கு 8, 10 என்று கொடுத்துவிடாதீர்கள், ஒரு மாத உழைப்பு ஒரே ஆட்டத்தில் அடிபட்டுப் போகும்.

சீட் கணக்கை நீங்களே போடுவதாக இருந்தால் ஒரு எச்சரிக்கை. வெற்றிகள் சமமானால் இபிஎல் ரசிகர்கள் உடனே கோல் வித்தியாசம் மாதிரி புள்ளி வித்தியாசத்தைத் தேடுவார்கள். இங்கே அது வரிசையில் ரொம்பக் கீழே இருக்கிறது. ஒரே டிவிஷன் அணிகள் என்றால் முதலில் தங்களுக்குள் ஆடிய ஆட்டங்கள், அடுத்து டிவிஷன் ஆட்டங்கள், அடுத்து பொது எதிரிகளுடன் ஆடியவை, அதன்பின் கான்ஃபரன்ஸ் ஆட்டங்கள். வேறு வேறு டிவிஷன் என்றால் நேரடி மோதலுக்கு அடுத்து கான்ஃபரன்ஸ் ஆட்டங்கள் வரும், பொது எதிரிகள் அதற்குப் பின்தான். இந்த இரண்டு வரிசையையும் கலந்துவிட்டால் 6, 7-ஆம் சீட் தப்பாக வந்துவிடும்.

பிடோக் கதிர்

14 வெற்றி விஷயத்துக்கு நான் பதில் சொல்றேன். நீங்க சொல்றது வைக்கிங்ஸ். 2024 சீசனின் கடைசி வாரத்தில் லயன்ஸும் வைக்கிங்ஸும் 14-2 (14 வெற்றி, 2 தோல்வி) என்று சமமாக வந்து நேருக்கு நேர் மோதின. ஜெயிச்சா 1-ஆம் சீட், ஓய்வு, சொந்த மைதானம். தோற்றா 5-ஆம் சீட், வெளியூர்ப் பயணம். லயன்ஸ் 31-9. ஒரே இரவில் அவ்வளவு பெரிய வித்தியாசம்.

வைக்கிங்ஸ் 14-3 என்ற கணக்கோட 10-7 ராம்ஸிடம் போச்சு. லாஸ் ஏஞ்சலிஸ் காட்டுத்தீயால் அந்த ஆட்டத்தை அரிசோனாவுக்கு மாத்தினாங்க. நம்ம ஊரில் அன்னைக்குப் பொங்கல், செவ்வாய்க்கிழமை காலை. ராம்ஸ் 27-9.

டிவிஷன் வெற்றிக்கு மரியாதை கொடுக்கணும், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. 17 ஆட்டத்தில் ஆறு டிவிஷனுக்குள்ளேயே நடக்குது, அந்தப் பகைதான் இந்த லீகோட உயிர். ஆனா டிவிஷன் ஜெயிச்சவங்களுக்கு பிளேஆஃப் இடம் உறுதின்னு சொன்னாப் போதும். சொந்த மைதானத்தையும் சேர்த்துக் கொடுக்கிறது அதிகம். லயன்ஸ் நிர்வாகமே 2025-இல் வெற்றிக் கணக்கை வச்சு சீட் கொடுக்கலாம்னு முன்மொழிஞ்சு, பிறகு திரும்ப வாங்கிக்கிட்டது. அந்த மாற்றம் வந்தே ஆகணும்.

தெம்பனிஸ் தமிழ்ச்செல்வி

கதிர், சொந்த மைதானம் கிடைத்திருந்தாலும் வைக்கிங்ஸ் அன்று பிழைத்திருக்காது. ராம்ஸ் அவர்களை வென்றது லைனில், அதாவது குவார்ட்டர்பேக்கை (பாஸ் எறிபவர்) காப்பவர்களும் நெருக்குபவர்களும் மோதும் முன்வரிசையில். வைக்கிங்ஸ் குவார்ட்டர்பேக் சாம் டார்னல்டை ஒன்பது முறை சாக் செய்தார்கள் (பாஸ் எறியும் முன்பே வீழ்த்தினார்கள்), பிளேஆஃப் சாதனைக்குச் சமமான எண்ணிக்கை அது. ஜோடி பார்க்கும்போது பெரும்பாலோர் இந்த இடத்தைத்தான் தவறவிடுகிறார்கள்.

பாலா, நான் முதலில் பார்ப்பது ஒன்றைத்தான்: தற்காப்பு அணி நான்கே பேரை அனுப்பி குவார்ட்டர்பேக்கை நெருக்க முடிகிறதா? ஐந்து, ஆறு பேரை அனுப்பும் பிளிட்ஸ் சீசனில் நன்றாக எடுபடும். பிளேஆஃபில் எதிரே நிற்கும் குவார்ட்டர்பேக் அதை ஸ்னாப்புக்கு (பந்து அவர் கைக்கு வரும் நொடி) முன்பே படித்துவிடுவார். அனுப்பிய ஆள் விட்டுவந்த இடத்தில் பந்து போய் விழும். நான்கு பேரே நெருக்கினால் மீதி ஏழு பேர் பாஸைக் காக்கலாம், எறிய இடமே இருக்காது.

2024 சீசனின் சூப்பர் பவுல் இதற்குப் பாடம் மாதிரி. ஈகிள்ஸ் ஆட்டம் முழுக்க ஒரு பிளிட்ஸ் கூட அனுப்பவில்லை. ஆனாலும் சீஃப்ஸ் குவார்ட்டர்பேக் மஹோம்ஸுக்கு ஆறு சாக், இடைவேளையில் 24-0, முடிவில் 40-22. எதிர்ப்பக்கம் சீஃப்ஸின் லெஃப்ட் டேக்கிள் (லைனின் இடது ஓரம்) இடத்தில் நின்றவர் ஜோ தூனி. அவருடைய சொந்த இடம் அதற்கு உள்பக்கம் உள்ள கார்டு. அந்த ஒரு மாற்றத்தை மட்டும் கவனித்திருந்தால் 15-2 என்ற கணக்கில் மயங்கியிருக்க மாட்டோம். இந்த வருடம் ஷீட் நிரப்பும்போது ஒவ்வொரு அணியின் ஐந்து லைன்மேன்களும் அவரவர் இடத்தில்தான் நிற்கிறார்களா என்று பாருங்கள். இரண்டு டேக்கிள்களில் ஒருவர் இல்லாவிட்டாலே என் கணிப்பு மாறிவிடும்.

யார்டு கணக்கை நம்பாதீர்கள். கமாண்டர்ஸிடம் தோற்ற அன்று லயன்ஸ் எடுத்தது 521 யார்டு, பந்தைப் பறிகொடுத்தது ஐந்து முறை. பில்ஸிடம் 27-25 என்று தோற்ற ரேவன்ஸ் எடுத்தது 416, பில்ஸ் 273 தான். ஆனால் ரேவன்ஸ் மூன்று முறை பந்தை இழந்தது, பில்ஸ் ஒருமுறைகூட இல்லை. பறிகொடுப்பதில் அதிர்ஷ்டமும் உண்டு என்பதால் மொத்த எண்ணிக்கையோடு நிற்காமல், நெருக்கடியில் குவார்ட்டர்பேக் என்ன செய்கிறார் என்று பாருங்கள். பந்தை வெளியே எறிந்துவிட்டு அடுத்த டவுனுக்கு (அடுத்த முயற்சிக்கு) போகிறாரா, இல்லை ஒரு கையில் பிடித்துக்கொண்டு ஓடுகிறாரா? இரண்டாவது ரகம் ஜனவரியில் ஆபத்து.

சீசனில் நேருக்கு நேர் ஆடிய முடிவும் அப்படித்தான். 2024 செப்டம்பரில் ரேவன்ஸ் பில்ஸை 35-10 என்று நசுக்கியது. நவம்பரில் பில்ஸ் சீஃப்ஸை 30-21 என்று வென்றது. பிளேஆஃபில் இரண்டுமே தலைகீழ்.

பனிக்குப் பயந்து ஷீட்டை மாற்ற வேண்டாம், பலத்த காற்றுதான் பாஸையும் கிக்கையும் கெடுக்கும். ராம்ஸுக்கு எதிராக ஃபிலடெல்ஃபியாவில் பனி கொட்டிய ஆட்டத்தில் ஈகிள்ஸின் சேக்வான் பார்க்லி பந்தோடு 205 யார்டு ஓடினார், 62, 78 யார்டு என்று இரண்டு டச்டவுன். வழுக்கும் தரையில் எங்கே போகிறோம் என்று ஓடுகிறவருக்குத் தெரியும், துரத்துகிறவருக்குத் தெரியாது.

தேக்கா டச்டவுன்

விருதுக்கு வர்றேன். அசோசியேட்டட் பிரஸ் தேர்ந்தெடுத்த 50 பேர் ஓட்டுப் போடுறாங்க. எம்விபிக்கு ஐந்து பெயர்களை வரிசைப்படுத்தணும், புள்ளி 10, 5, 3, 2, 1. இந்த முறை 2022 சீசனில் வந்தது, அதுக்கு முன்னாடி ஆளுக்கு ஒரே பெயர்தான். 2024-இல் ஆலனுக்கு 27 முதலிடம், லமாருக்கு 23. மொத்தப் புள்ளி 383, 362.

அதே 50 பேர் ஆல்-ப்ரோவில் லமாருக்கு 30, ஆலனுக்கு 18 முதலிடம் கொடுத்தாங்க. முரண்பாடு மாதிரி தெரியும், ஆனா கேள்வியே வேற. ஆல்-ப்ரோ கேட்பது "அந்த இடத்தில் சிறப்பா ஆடினது யார்". எம்விபி கேட்பது "அணிக்கு அதிக மதிப்பு யாரால்". லமார் கணக்கு மலைக்க வைக்குது: 4,172 பாஸ் யார்டு, 41 டச்டவுன், 4 இன்டர்செப்ஷன் (எதிரணி பிடிச்ச பாஸ்) மட்டும், ஓடி எடுத்தது 915 யார்டு. ஆலன் 3,731, 28, 6, ஓடி 12 டச்டவுன். ஆனா லமார் பக்கத்தில் 1,921 யார்டு ஓடின டெரிக் ஹென்றி இருந்தார். ஆலன் பக்கத்திலிருந்து ரிசீவர் (பாஸ் பிடிப்பவர்) ஸ்டெஃபான் டிக்ஸ் போயாச்சு, பில்ஸில் ஒரு ரிசீவர்கூட 1,000 யார்டு தொடலை. அப்படி ஒரு அணியை 13-4 வரை கொண்டுபோனார், அதுக்குத்தான் அந்த 27 ஓட்டு.

நான் ஓட்டுப் போட்டிருந்தா ரெண்டுக்குமே லமார்தான். ஓடுபவர் நல்லா இருந்ததுக்காக குவார்ட்டர்பேக்குக்குத் தண்டனை கொடுக்கக் கூடாது. ஹென்றிக்கு அவ்வளவு இடைவெளி கிடைச்சதுக்கு லமார் ஓடிடுவாரோங்கிற பயமும் ஒரு காரணம்.

கணிப்புக்குத் தேவையானது: எம்விபி பகுதியில் குவார்ட்டர்பேக் அல்லாதவரை எழுதாதீங்க. கடைசியா அப்படி வாங்கினவர் ஏட்ரியன் பீட்டர்சன், 2012 சீசன், 2,097 யார்டு. பார்க்லி 2,005 ஓடியும் அவருக்குக் கிடைச்சது சிறந்த தாக்குதல் ஆட்டக்காரர் விருதுதான். ஓட்டு வழக்கமான சீசன் முடிஞ்சதும் பிளேஆஃபுக்கு முன்னாடியே போடப்படுது, அறிவிப்பு மட்டும் சூப்பர் பவுல் வாரத்தில். அதனால பிளேஆஃபில் யார் கலக்கினாலும் எம்விபி மாறாது. சூப்பர் பவுல் எம்விபி தனி விருது, அந்த வருஷம் ஜேலன் ஹர்ட்ஸ் வாங்கினார். ஷீட்டில் ரெண்டுக்கும் தனித்தனிக் கட்டம் போடுங்க.

தெம்பனிஸ் தமிழ்ச்செல்வி

தேக்கா அண்ணே, அந்த ஓட்டில் நான் ஆலன் பக்கம். அந்த சீசன் முழுக்க அவர் வாங்கிய சாக் 14 தான். லைன் நல்ல லைன், மறுக்கவில்லை. ஆனால் நெருக்கடியை முன்கூட்டியே உணர்ந்து பந்தை விடுவித்தது அவர். டச்டவுன் எண்ணிக்கையில் அது தெரியாது, அணியைத் தாங்குவது அதுதான்.

பொங்கோல் பாலா

எல்லாருக்கும் நன்றி. ஷீட்டை எப்போ பூட்டணும்? காயப் பட்டியல் நம்ம நேரத்துக்கு எப்போ வரும்?

செங்காங் சேகர்

குளிர்காலத்தில் நியூயார்க் நமக்கு 13 மணி நேரம் பின்னால். அவர்களுடைய சனி மாலை 4.30 ஆட்டம் நமக்கு ஞாயிறு காலை 5.30. ஞாயிறு மதியம் 1 மணி ஆட்டம் நமக்குத் திங்கள் அதிகாலை 2 மணி. சூப்பர் பவுல் திங்கள் காலை 7.30. 2024 பிப்ரவரியில் சீனப் புத்தாண்டு வாரயிறுதியில் வந்ததால் அந்தத் திங்கள் நமக்குப் பொது விடுமுறையாக அமைந்தது. அப்படி அமையாத வருடங்களில் விடுப்பு எழுதினால்தான் முழுதாகப் பார்க்கலாம்.

ஞாயிறு ஆட்டங்களுக்கான இறுதிக் காயப் பட்டியல் அவர்களுக்கு வெள்ளிக்கிழமை வரும். நாம் சனி காலை எழுந்து பார்த்தால் இருக்கும். "அவுட்" என்றால் ஆடமாட்டார், "டவுட்ஃபுல்" என்றாலும் ஏறக்குறைய அதேதான், "குவெஸ்ச்சனபிள்" மட்டும்தான் உண்மையான சந்தேகம். யார் ஆடவில்லை என்ற கடைசி அறிவிப்பு ஆட்டத்துக்கு 90 நிமிடம் முன்பு. அதற்காக எட்டுப் பேரும் விடியற்காலை 4 மணிக்கு விழித்திருக்க முடியாது, எனவே சனி இரவு 11 மணிக்கு மொத்தமாகப் பூட்டிவிடுங்கள். விருதுப் பகுதியை இன்னும் முன்னதாக, ஆல்-ப்ரோ பட்டியல் வருவதற்கு முன்பே பூட்ட வேண்டும். 2024 சீசனில் அது முதல் சுற்றுக்கு முந்தைய வெள்ளியே வந்துவிட்டது. கடைசி வார ஆட்டங்கள் முடிந்த மறுநாள் பூட்டினால் பிரச்சினை இல்லை.

பணம் வேண்டாம், புள்ளியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நண்பர்களுக்குள்தானே என்று பின்னால் யாராவது ஆன்லைனில் பணம் வைக்கச் சொன்னால் மறுத்துவிடுங்கள். நேரில் வீட்டுக்குள் நடப்பதற்குக் கொடுத்த விலக்கு சிங்கப்பூரின் 2022 சூதாட்டக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் ஆன்லைனுக்குக் கிடையாது.

பிடோக் கதிர்

ஷீட்டில் ஓவர்டைம் பற்றியும் ஒரு வரி சேருங்க, பாலா. பிளேஆஃபில் 2022 முதல் இரண்டு அணிக்கும் ஒருமுறை பந்து கிடைக்கும், முதல் டச்டவுனோட ஆட்டம் முடிஞ்சுடாது. சமன் என்பதும் கிடையாது, முடிவு வரும் வரைக்கும் 15 நிமிடப் பகுதிகளா தொடரும். அதனால "டிரா" என்று கட்டம் வைக்க வேண்டாம். சமப் புள்ளி எடுத்த ரெண்டு பேரைப் பிரிக்க, சூப்பர் பவுலில் இரண்டு அணியும் சேர்த்து எடுக்கும் மொத்தப் புள்ளியை ஆளுக்கு ஒரு எண்ணா முன்கூட்டியே எழுதச் சொல்லுங்க. 40-22 ஆட்டத்துக்கு விடை 62. நெருங்கினவருக்கு முதலிடம்.