பின்சக்கர பிரேக் ஷூ மாற்றிய பிறகு வலப்பக்க டிரம் மட்டும் சூடாகிறது: எங்கே தவறியிருப்பேன்?

கேள்வி (தஞ்சாவூரிலிருந்து)

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் 2011-ஆம் ஆண்டு வாங்கிய சிறிய கார் ஒன்று இருக்கிறது. முன்சக்கரங்களில் டிஸ்க், பின்சக்கரங்களில் டிரம். 84,000 கி.மீ. ஓடிவிட்ட நிலையில், கடந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டு வாசலிலேயே பின்பக்க ஷூக்களை (டிரம்முக்குள் விரிந்து அதன் உட்சுவரில் உரசிச் சக்கரத்தை நிறுத்தும் வளைந்த கட்டைகளை) நானே மாற்றினேன். முன்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் செங்கல் வைத்து, முதல் கியரில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கை விடுவித்து, ஜாக்கியால் தூக்கி ஸ்டாண்டில் இறக்கிய பிறகுதான் சக்கரத்தைக் கழற்றினேன்.

இடப்பக்க வேலை இரண்டு மணி நேரத்தில் முடிந்தது. வலப்பக்கத்தில் புதிய ஷூக்களைப் பூட்டிய பின் டிரம் ஏற மறுத்தது. ஷூக்களை விரிக்கவும் சுருக்கவும் உதவும் அட்ஜஸ்டரின் பல்சக்கரத்தைச் சுற்றிக் கடைசி வரை சுருக்கியும் பயனில்லாமல், மரச்சுத்தியால் நான்கைந்து முறை தட்டித்தான் ஏற்றினேன். பிறகு ஆறு கி.மீ. ஓட்டிவிட்டு இறங்கியபோது வலப்பின் சக்கரத்திலிருந்து தீய்ந்த வாடை வந்தது. அருகில் கையைக் கொண்டு போனாலே அனல் அடித்தது. இடப்பக்கம் வெதுவெதுப்பாக மட்டுமே இருந்தது. மிதி உறுதியாக இருக்கிறது, பிரேக் ஆயில் எங்கும் கசியவில்லை. ஆனால் ஹேண்ட் பிரேக் இப்போது இரண்டாவது கிளிக்கிலேயே பிடித்துக்கொள்கிறது. முன்பு ஏழெட்டு கிளிக் வரை இழுக்க வேண்டியிருந்தது. இரண்டு பக்கமும் ஒரே பெட்டியிலிருந்து எடுத்த ஷூக்கள்தான். அப்படியிருக்க ஒரு பக்கம் மட்டும் ஏன் இப்படி ஆகிறது?

மறுமொழி 1 (கரூரிலிருந்து)

புது ஷூ என்றால் முதலில் கொஞ்சம் இறுக்கமாகத்தான் இருக்கும். இருநூறு கி.மீ. ஓட்டினால் தேய்ந்து டிரம்முக்குப் பழகிவிடும். என் வண்டியிலும் அப்படித்தான் சரியானது.

மறுமொழி 2 (ஈரோட்டிலிருந்து; முப்பது ஆண்டுகளுக்கு மேல் பட்டறை வேலை பார்த்தவன்)

தம்பி, தயவுசெய்து அந்த வண்டியை இப்போதைக்கு எடுக்காதீர்கள். புதிய ஷூ டிரம்முடன் பழகும்போது லேசாக உரசும் சத்தம் வரலாம். சுத்தியால் தட்டி ஏற்ற வேண்டிய அளவு இறுக்கமும், ஆறு கி.மீ.யில் தீய்ந்த வாடையும் வரக் கூடாது. டிரம்மின் சூடு, மிதியை அழுத்தும்போது ஷூக்களை விரிக்கும் வீல் சிலிண்டருக்கும் அதற்குள் இருக்கும் ஆயிலுக்கும் ஏறும். டாட் 3 வகை பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது 205 பாகை செல்சியசுக்குக் குறையாமல் தாங்க வேண்டும் என்பது விதி. ஆனால் அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே வருவதால், அதே ஆயில் நாளடைவில் 140 பாகைக்கு அருகிலேயே கொதிக்கத் தொடங்கிவிடும். கொதித்து ஆவியானால், இன்று உறுதியாக இருக்கும் அதே மிதி, நீங்கள் பிரேக் பிடிக்க வேண்டிய நேரத்தில் தரை வரை போய்விடும்.

இப்போது காரணத்துக்கு வருவோம். நீங்கள் எழுதியதில் எனக்கு முக்கியமாகப் படுவது ஹேண்ட் பிரேக் இரண்டாவது கிளிக்கில் பிடிக்கிறது என்ற செய்திதான். டிரம்முக்குள், காரின் பின்பக்கத்தைப் பார்த்த ஷூவோடு ஒரு நெம்பி (லீவர்) சேர்ந்திருக்கும். ஹேண்ட் பிரேக் கேபிள் அதன் கீழ்முனையைத்தான் இழுக்கிறது. கேபிள் தளர்ந்ததும் நெம்பி திரும்பி வந்து, அதிலுள்ள சிறு முனை ஷூவின் தகட்டு விளிம்பில் முட்டி நிற்க வேண்டும். அந்த முனைக்கும் விளிம்புக்கும் இடையே இடைவெளி தெரிந்தால், ஹேண்ட் பிரேக் பாதி போட்டபடியே இருக்கிறது என்று பொருள். அந்த நிலையில் அட்ஜஸ்டரை எவ்வளவு சுருக்கினாலும் ஷூக்கள் முழுமையாக உள்ளே போகமாட்டா.

டிரம்மைக் கழற்றி, கேபிள் முனையிலுள்ள சிறு ஸ்பிரிங்கை நோஸ் பிளையரால் பின்னுக்குத் தள்ளிப் பிடித்து, கேபிளை நெம்பியிலிருந்து விடுவித்துப் பாருங்கள். விடுவித்ததும் நெம்பி தானாகத் திரும்பி டிரம் கையாலேயே ஏறிவிட்டால் குற்றம் கேபிளில் இருக்கிறது. அப்போதும் ஏறாவிட்டால், ஷூவின் மேல்முனை வீல் சிலிண்டர் பிஸ்டனின் பள்ளத்தில் சரியாக உட்காரவில்லை, அல்லது அட்ஜஸ்டரை இடம் வலம் மாற்றிப் போட்டிருக்கிறீர்கள். பல்சக்கர அட்ஜஸ்டர் உள்ள வண்டிகளில் ஒரு பக்கத்து மரை வலச்சுற்று, மறுபக்கத்து மரை இடச்சுற்று. மாறினால் தானாக நீளவேண்டியது தானாகச் சுருங்கி, நாளுக்கு நாள் மிதி இறங்கிக்கொண்டே போகும். இதனால்தான் ஒரு பக்கத்தை முழுவதும் பூட்டிய பிறகே மறுபக்கத்தைத் திறக்க வேண்டும் என்று பழகுநர்களுக்குச் சொல்லித்தருவோம்.

டிரம் வர மறுத்தால் சுத்தியால் அடிக்க வேண்டாம். பல வண்டிகளில் டிரம்மின் முகத்தில் மரையுள்ள இரண்டு சிறு துளைகள் இருக்கும்; 8 மி.மீ. போல்ட் இரண்டை மாற்றி மாற்றி அரைச் சுற்றாக முறுக்கினால் அது நேராக வெளியே வரும்.

மறுமொழி 3 (மதுரையிலிருந்து)

மேலே ஐயா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். திறக்கும்போது உள்ளே இருக்கும் கரும்பொடியை வாயால் ஊதாதீர்கள், ஏர் கம்ப்ரசரும் வேண்டாம். பழைய லைனிங்குகளில் (ஷூவின் மேலுள்ள உரசும் பட்டைகளில்) கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருந்திருக்கலாம். அந்தத் தூசி நுரையீரலில் தங்கிக் கெடுதல் செய்யும். முகக்கவசம் அணிந்து, ஈரத் துணியால் துடைத்து, அந்தத் துணியைப் பையில் கட்டி எறிந்துவிடுங்கள். பெட்ரோல், டீசல், மண்ணெண்ணெய் மூன்றையும் அந்தப் பக்கமே கொண்டு போகாதீர்கள். வீல் சிலிண்டரின் ரப்பர் கப் அவற்றில் ஊறி உப்பிவிடும். நீங்கள் பார்க்கும் நேரத்தில், சிலிண்டரின் ரப்பர் உறையைச் சற்று விலக்கி உள்ளே ஈரம் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

கேட்டவரின் மறுமொழி (மறுநாள்)

ஐயா அவர்களுக்கு நன்றி. வண்டியை எடுக்கவில்லை. இன்று காலை டிரம்மைக் கழற்றியபோது, ஆறு கி.மீ. மட்டுமே ஓடிய புதிய லைனிங்கின் மேல் பகுதியில் இரண்டு விரல் அகலத்துக்குக் கண்ணாடிபோல் பளபளப்பும், அதற்குக் கீழே தொடப்படாத சாம்பல் நிறமும் இருந்தன. நெம்பியின் முனை ஷூவின் விளிம்பைத் தொடாமல் ஏறத்தாழ 5 மி.மீ. தள்ளி நின்றது. கேபிளை விடுவித்ததும் நெம்பி 'டக்' என்று திரும்பியது. டிரம் கையாலேயே ஏறியது. கேபிளை வெளியிலிருந்து பார்த்துக்கொண்டே போனதில், பின் அச்சுக்கு அருகில் அதன் மேலுறை வெடித்து, உள்ளே கம்பி துருவேறி இறுகியிருந்தது. கையால் இழுத்தால் வருகிறது, விட்டால் திரும்பவில்லை. வீல் சிலிண்டர் உறைக்குள் ஈரமில்லை. எனக்கு விளங்காதது ஒன்றுதான்: பழைய ஷூ இருந்தபோது ஏன் இது தெரியவில்லை?

மறுமொழி 2-இன் தொடர்ச்சி

பழைய லைனிங் தேய்ந்து மெலிந்திருந்ததால், நெம்பி பாதியில் நின்றாலும் ஷூ டிரம்மைத் தொடாத அளவுக்கு இடைவெளி கிடைத்தது. புதிய ஷூவின் கனம் அந்த இடைவெளியை அடைத்துவிட்டது, கேபிளின் கோளாறு வெளியே வந்துவிட்டது. ஷூ தேயத் தேய ஹேண்ட் பிரேக்கை கேபிளில் மட்டும் இறுக்கிக்கொண்டே வந்த வண்டிகளிலும் இதே தொல்லை வரும். ஆனால் அங்கே இரண்டு பக்கமும் சேர்ந்து பிடிக்கும்.

இரு கேபிள்களையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள். பளபளத்த இடத்தை உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து மங்கலாக்குங்கள். லைனிங் கருகியோ வெடித்தோ இருந்தால் ஷூவை மறுபடி மாற்றத்தான் வேண்டும், அப்போது இரண்டு பக்கமும் மாற்றுங்கள். பூட்டும்போது ஹேண்ட் பிரேக் கேபிளின் நட்டை முழுவதும் தளர்த்திவிட்டு, முதலில் அட்ஜஸ்டரில் ஷூவைச் சரிசெய்யுங்கள்: கையால் சுற்றினால் டிரம் லேசாக உரச வேண்டும், நிற்கக் கூடாது. அடுத்து, இரண்டு டிரம்களும் மாட்டியிருக்கும்போது மிதியைப் பத்துப் பதினைந்து முறை அழுத்துங்கள். கேபிளைக் கடைசியாகத்தான் தொட வேண்டும். எத்தனையாவது கிளிக்கில் பிடிக்க வேண்டும் என்பது உங்கள் வண்டிக் கையேட்டில் இருக்கும்.

கேட்டவரின் மறுமொழி (நான்கு நாள் கழித்து)

நீங்கள் சொன்ன வரிசையிலேயே செய்தேன். லைனிங் கருகவில்லை என்பதால் தேய்த்து அதையே பூட்டினேன். ஹேண்ட் பிரேக் ஆறாவது கிளிக்கில் பிடிக்கிறது. விடுவித்தால் தூக்கிய நிலையில் இரண்டு சக்கரங்களும் ஒரே மாதிரி சுற்றுகின்றன. வல்லம் வரை போய் வந்து இரு பக்கமும் கையை அருகில் வைத்துப் பார்த்தேன். இரண்டிலும் ஒரே அளவு வெதுவெதுப்புதான். கழற்றிய கேபிளை நீளவாக்கில் அறுத்துப் பார்த்தபோது, உறை வெடித்த இடத்திலிருந்து ஒரு சாண் நீளத்துக்குத் துரு அடைத்திருந்தது.