சம்பாவுக்கு முன் முதல் சம்பளம்: பி.எஃப்., இ.எஸ்.ஐ. பதிவுக்கு ஆள் கணக்கை எப்படி எடுப்பது?

நீடாமங்கலம் அரைவை கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். நீடாமங்கலத்துக்கு அருகே என் தகப்பனார் நடத்திவந்த கூலி அரைவை ஆலையை நானும் என் மைத்துனரும் பங்குதாரர் நிறுவனமாக மாற்றி, பாய்லரும் உலர்த்தியும் புதிதாக வைத்து விரிவாக்கியிருக்கிறோம். அப்பா காலத்தில் மூன்று பேர்தான் வேலை பார்த்தார்கள். சனிக்கிழமை மாலை கல்லாவிலிருந்து எடுத்துக் கூலி கொடுத்துவிடுவார். இப்போது பாய்லர் பார்ப்பவர், ஃபிட்டர், ஓட்டுநர்கள், கணக்கர் என்று 12 பேர் மாதச் சம்பளத்தில் சேர்ந்திருக்கிறார்கள். பதினொரு பேருக்குச் சம்பளம் 14,000 முதல் 19,000 ரூபாய் வரை. மேலாளருக்கு மட்டும் 26,000. தை, மாசியில் சம்பா நெல் வரத் தொடங்கியதும் மேஸ்திரி ஒருவர் மூலம் ஒன்பது லோடுமேன்களும், களத்தில் நெல் காயவைக்க நான்கு பெண்களும் வருவார்கள்.

அடுத்த மாதம் முதல் சம்பளத்தை வங்கி வழியாகக் கொடுக்கப்போகிறோம். நிரந்தர ஆட்கள் 12 பேர்தான் என்பதால் பி.எஃப். (சேமநிதி) பதிவு தேவையில்லை என்று சிலரும், பருவத்து ஆட்களையும் சேர்த்து எண்ண வேண்டும் என்று சிலரும் சொல்கிறார்கள். எது சரி? சம்பளம் போடுவதற்கு முன் எதை முதலில் செய்ய வேண்டும்?

கும்பகோணம் கணக்கர் பதில்:

இந்தக் கேள்வியைச் சம்பளத்துக்கு முன்பே கேட்டது மிக நல்லது. பெரும்பாலோர் நோட்டீஸ் வந்த பிறகுதான் கேட்கிறார்கள்.

தொழிலாளர் காப்பீடான இ.எஸ்.ஐ.க்கு எல்லை பத்து பேர். அதை நீங்கள் இப்போதே தாண்டிவிட்டீர்கள். பத்தாவது ஆள் சேர்ந்த நாளிலிருந்து 15 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். மாதம் 21,000 ரூபாய்க்கு மேல் வாங்கும் மேலாளருக்குச் சந்தா கிடையாது என்றாலும், தலை எண்ணும்போது அவரும் ஒருவர். சந்தா விகிதம் 2019 ஜூலை முதல் முதலாளிக்கு 3.25 சதவீதம், தொழிலாளிக்கு 0.75 சதவீதம். 14,000 ரூபாய் வாங்குபவருக்கு நீங்கள் 455 ரூபாய் கட்டுவீர்கள், அவர் சம்பளத்தில் 105 ரூபாய் பிடிப்பீர்கள்.

பி.எஃப்.புக்கு எல்லை இருபது பேர். எதிர்பாராத அவசரத்துக்கு இரண்டு நாள் வந்து போகிறவரை எண்ண வேண்டியதில்லை என்று 1971இலேயே உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. ஆனால் ஆண்டுதோறும் அறுவடைப் பருவத்தில் மூட்டை இறக்குவதும் களத்தில் நெல்லைக் கிளறுவதும் அரைவை ஆலையின் வழக்கமான வேலை. மேஸ்திரி மூலம் வந்தாலும் அவர்கள் உங்கள் வேலையைத்தான் செய்கிறார்கள். ஆகவே சம்பா வந்ததும் உங்கள் எண்ணிக்கை 25 ஆகிவிடும், பொறுப்பும் அன்றே தொடங்கிவிடும். அதன் பிறகு பங்குனியில் 12 ஆகக் குறைந்தாலும் பி.எஃப். விலகிப் போகாது. அதனால் பருவம் தொடங்குவதற்கு முன்பே குறியீட்டு எண்ணை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள் என்பேன். விரும்பினால் இருபது பேர் ஆகும் முன்பே தானாக முன்வந்தும் சேரலாம்.

பி.எஃப்.பில் அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்த தொகையில் இருவருக்கும் 12 சதவீதம். 14,000 ரூபாய்க்கு ஆளுக்கு 1,680. உங்கள் பங்கிலிருந்து 8.33 சதவீதம், அதாவது 1,166 ரூபாய், ஓய்வூதியக் கணக்குக்குப் போகும்; மீதி 514 ரூபாய் அவருடைய சேமநிதியில் சேரும். இவற்றுக்கு மேல் காப்பீட்டுக்கு 0.5 சதவீதமும் நிர்வாகச் செலவுக்கு 0.5 சதவீதமும் நீங்கள் கட்ட வேண்டும். நிர்வாகக் கட்டணம் மாதம் 500 ரூபாய்க்குக் குறையாது. பி.எஃப்., இ.எஸ்.ஐ. இரண்டுக்கும் கடைசி நாள் அடுத்த மாதம் 15ஆம் தேதி.

தாமதத்தைப் பற்றி ஒன்றைத் தெளிவாகச் சொல்ல விரும்புகிறேன். பொறுப்பு தொடங்குவது தகுதி வந்த நாளில்தான், நீங்கள் பதிவு செய்த நாளில் அல்ல. ஆறு மாதம் கழித்துப் பதிவு செய்தால் அந்த ஆறு மாதத்துத் தொழிலாளர் பங்கையும் உங்கள் கையிலிருந்துதான் கட்ட வேண்டும்; கொடுத்து முடித்த சம்பளத்துக்கான பங்கைப் பின்னால் அவர்களிடம் பிடிக்கச் சட்டம் இடம் தராது. ஆண்டுக்கு 12 சதவீத வட்டியும் அதற்கு மேல் அபராதமும் தனி.

பாபநாசம் ஆலை பதில்:

கணக்கர் ஐயா சொன்னவை அனைத்தும் சரி. என் அனுபவத்தில் ஆட்களின் பெயர்களைச் சேர்க்கும் வேலைதான் அதிக நாளை விழுங்கும். எங்கள் ஆலையில் ஒருவருக்கு ஆதாரில் "முருகையன் கோ" என்றும், வங்கிப் பாஸ்புக்கில் "கோவிந்தசாமி முருகையன்" என்றும், குடும்ப அட்டையில் வெறும் "முருகையன்" என்றும் இருந்தது. பிறந்த தேதிக்கு ஆதாரில் ஆண்டு மட்டுமே இருந்தது. அதைத் திருத்தி முடிக்கும்வரை அவருடைய பி.எஃப். கணக்கை யு.ஏ.என். என்ற உறுப்பினர் எண்ணுடன் இணைக்க முடியவில்லை. இப்போது புதியவர்களுக்கு அந்த எண்ணை உமங் செயலியில் முகத்தைக் காட்டித்தான் எடுக்க வேண்டியிருக்கிறது. ஆகவே ஆள் நேரில் இருக்கும் நாளில், ஆதாரில் இணைத்த கைபேசி எண்ணோடு உட்காரவையுங்கள். வேலைக்குச் சேரும் அன்றே மூன்று ஆவணங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

இன்னொன்று, இதை எழுதும்போதும் மனம் கனக்கிறது. நான்கு ஆண்டுகளுக்கு முன் எங்களிடம் இ.எஸ்.ஐ. குறியீடு இருந்தது, ஆனால் புதிதாகச் சேர்ந்த ஃபிட்டரின் பெயரை மாதக் கடைசியில் சேர்க்கலாம் என்று நான் விட்டுவிட்டேன். ஒன்பதாம் நாள் எலிவேட்டர் பெல்ட்டில் அவருடைய இரண்டு விரல்கள் சிக்கின. வேலையில் ஏற்படும் காயத்துக்கு இத்தனை நாள் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனையே கிடையாது. முதல் நாளிலிருந்தே பாதுகாப்பு உண்டு. இருந்தும் பெயர் ஏறிய தேதி விபத்துக்குப் பின்னால் இருந்ததால், அவருக்குரிய ஊனத்தொகை கைக்கு வரப் பல மாதங்கள் ஆயின. அதுவரை மருத்துவச் செலவை நாங்கள் ஏற்றோம் என்றாலும், அவர் அலைந்த அலைச்சலுக்கு நான்தான் காரணம். சேரும் அன்று, இயந்திரத்தின் பக்கம் போவதற்கு முன், பெயரை ஏற்றிவிடுங்கள்.

நீடாமங்கலம் அரைவை:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. பன்னிரண்டு பேரின் ஆவணங்களையும் நாளை காலையே வாங்கிவிடுகிறேன். இரண்டு சந்தேகங்கள் மட்டும் மிச்சம். மேஸ்திரி தன் பெயரில் பி.எஃப். குறியீடு இல்லை என்கிறார். அப்படியானால் லோடுமேன்களுக்கு யார் கட்டுவது? எங்களில் யாருக்கும் வருமான வரி வராது என்பதால் டான் எண் (வரி பிடித்துச் செலுத்துவோருக்கான எண்) வேண்டாம்தானே?

கும்பகோணம் கணக்கர் பதில்:

மேஸ்திரி கட்டாவிட்டால் முதன்மை முதலாளி என்ற முறையில் நீங்கள்தான் கட்ட வேண்டும். அந்தத் தொகையை அவருடைய பில்லில் கழித்துக்கொள்ளலாம். இதை இப்போதே அவரிடம் எழுத்தில் பேசி முடித்துவிடுங்கள். லோடுமேன்களின் வருகையை அவருடைய குறிப்பேட்டில் விட்டுவிடாமல், முதல் லாரி வந்து நிற்கும் நாளிலிருந்தே உங்கள் பதிவேட்டில் பெயர் வாரியாக எழுதுங்கள்.

சம்பளத்துக்காக டான் தேவைப்படாமல் போகலாம். ஆனால் அந்த மேஸ்திரிக்கு ஒரே தடவையில் 30,000 ரூபாய்க்கு மேலோ, ஆண்டில் மொத்தம் ஒரு லட்சத்துக்கு மேலோ கொடுத்தால், பங்குதாரர் நிறுவனம் ஒரு சதவீதம் வரி பிடித்து அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள் செலுத்த வேண்டும். ஒன்பது பேரின் கூலி அவர் கையில்தான் போகிறது என்றால், தை மாதமே இந்த வரம்பைத் தொட்டுவிடும். ஆகவே டானுக்கு இப்போதே விண்ணப்பியுங்கள். தொழில் வரி உங்கள் ஊராட்சியிலோ பேரூராட்சியிலோ அரையாண்டுக்கு ஒருமுறை கட்டுவது, அதற்கு அவசரம் இல்லை.